இருபத்துநாலு தறியும் நின்ற நேரம்

என் இடது காதைத் தறிக்குக் கொடுத்துவிட்டேன். வலது காது என் வீட்டுக்காரி பஸீலாவுக்கென்று மிச்சம் இருக்கிறது. முப்பத்தோரு வருடமாகச் சங்கரன்கோவிலில் விசைத்தறி மெக்கானிக் வேலை. சத்தத்தைக் கேட்டே எந்தத் தறிக்கு என்ன கோளாறு என்று சித்தீக் சொல்லிவிடுவான் என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. அது பொய். எனக்குச் சத்தம் சரியாகக் கேட்காது. தறியின்மேல் உள்ளங்கையை வைத்து அதன் நடுக்கத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். பெயர் கெட வேண்டாமே என்று காதையும் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொள்வேன்.

தறிக்கூடத்தில் யாருக்குமே காதால் பெரிய உபயோகம் கிடையாது. ஒரே தகரக் கூரைக்கடியில் இருபத்துநாலு தறி ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. அங்கே பேச்செல்லாம் உதட்டில்தான். 'நூல் தீந்துபோச்சு', 'டீ வந்துருச்சு', 'முதலாளி வாராரு, போனை உள்ள வை' எல்லாம் வாயசைப்பு. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் மூன்று மாதத்தில் அந்தப் பாஷையைப் படித்துவிடுவார்கள்.

அதில் இசக்கித்தாயை மிஞ்ச ஆள் கிடையாது. நாலு தறி பார்க்கிறவள். அறுந்த நூலை முடிந்துகொண்டே, கடைசித் தறியில் இரண்டு பெண்கள் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று படித்துவிடுவாள். ஒரு தடவை முதலாளி தெருவில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "மூத்த பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமாயிட்டு அண்ணே, மாப்பிள்ளை ராஜபாளையமாம்" என்று எனக்கு உதட்டிலேயே சொன்னாள். பத்து நாள் கழித்து முதலாளி பத்திரிகை வைத்தபோது நாங்கள் எல்லோரும் ஆச்சரியப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டோம். என் முகம் சரியாக வரவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

அவள் வீடும் என் வீடும் ஒரே சுவர். புருஷன் ஆவுடையப்பன் லோடு ஆட்டோ வைத்திருக்கிறான். விடியுமுன் பிச்சிப்பூ மூட்டைகளை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, அப்புறம் பாவு, நூல், கோழித்தீவனம் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவான். அதட்டிப் பேசத் தெரியாத மனுஷன். வண்டி ஹாரனைக்கூட மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் அடிப்பான். ஒரே பையன் தவசி. கோமதியம்மன் ஒற்றைக்காலில் தவசு நிற்கிற ஆடித்தபசு அன்றைக்குப் பிறந்ததால் அந்தப் பெயர். ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. வாய் ஓயாத பிள்ளை. "சித்தீக் மாமா, ஒங்க கேக்காத காதுக்குள்ள எறும்பு போனா ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டவன். இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது அந்த வீட்டுக்குச் சுடலைமணி வந்தான்.

ஆவுடையப்பனின் அக்கா மாலாவின் மகன். பதினாலு வயது, ஒன்பதாம் வகுப்பு. மாலாவைச் சிவகிரியில் கட்டிக் கொடுத்திருந்தது. போன தை மாதம் அவள் புருஷன் நெஞ்சுவலியில் போய்விட்டான். பதினாறாம் நாள் காரியத்தில் தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன் உருமா கட்ட வேண்டும். புதுத் துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றிவிட்டு, இனி உனக்கு நான் இருக்கிறேன் என்று சபையில் நிற்கிற சடங்கு அது. ஆவுடையப்பன் கட்டினான். கட்டும்போது அவன்தான் அதிகம் அழுதான். பையன் அழவில்லை. துண்டு நெற்றியில் இறங்கினபோது அதை மட்டும் மேலே தள்ளிவிட்டுக்கொண்டான். கோடை முடிந்ததும் மாலா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். மகனை அங்கே வைத்துக்கொள்ள முடியாது. உருமா கட்டினவன் வீடு இருக்கும்போது வேறெங்கே விடுவாள்?

மணி தங்கமான பிள்ளை என்று தெருவே சொன்னது. இசக்கித்தாய் குடத்தைத் தூக்கினால், "வைங்க அத்தை, நான் எடுக்கேன்" என்று வாங்கிக்கொள்வான். தவசியைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவான், கூட்டி வருவான். பஸீலா தெருவாசலில் நின்று பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "பாத்தியளா, பிள்ளைன்னா அது பிள்ளை. ஒங்களுக்குக் குடத்துக்கு எந்தப் பக்கம் வாயின்னு தெரியுமா?"

நானும்தான் மெச்சினேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் நான் நல்லவனாகிவிடுவேன்.

ஆனி மாதம் பிறந்ததும் மேற்கேயிருந்து காற்று ஆரம்பித்தது. குற்றாலத்தில் சாரல் விழும், இங்கே புழுதி விழும். தெருவில் காய்கிற துணியெல்லாம் கொடியைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். அந்த நாட்களில்தான் தவசியின் பேச்சு குறைந்தது. முதலில் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. வந்தாலும் கேள்வி கேட்பதில்லை. குளிப்பாட்டும்போது அவன் கக்கத்துக்குக் கீழே கன்றிப்போன தடங்கள் இருப்பதை இசக்கித்தாய் பார்த்திருக்கிறாள். சட்டைக் கை மறைக்கிற இடம்.

"என்னல இது?"

"ஒண்ணுமில்லம்மா. விழுந்துட்டேன்."

"கக்கத்துல எப்படில விழுவ?"

வாசல் பக்கம் பார்த்தானாம். வாசலில் மணி அவளுடைய சேலையை மடித்துக்கொண்டிருந்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். நான் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். தெருவில் ஆவுடையப்பனின் வண்டி நிற்கிறது. பின்னால் தகடு வெயிலில் கொதிக்கிறது, முட்டையை உடைத்து ஊற்றினால் வெந்துவிடும். அதன்மேல் தவசி வெறுங்காலோடு, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். கால் மாற்றுகிறான். மறுபடி மாற்றுகிறான். மணி வேப்பமர நிழலில் சாய்ந்துகொண்டு எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறான். எனக்கு என்ன தோன்ற வேண்டும்? தோன்றியது ஒரு ஜோக்.

"என்னலே, கோமதியம்மனுக்குப் போட்டியா நீயும் ஒத்தக்கால்ல தவசு நிக்கியா?"

மணி சிரித்தான். நானும் சிரித்தேன். தவசியும் சிரிக்கிற மாதிரி வாயை இழுத்தான். பல்லெல்லாம் தெரிந்தது. அந்தச் சமயம் ஆவுடையப்பன் கையில் வாழைப்பழச் சீப்போடு தெரு முனையிலிருந்து வந்தான். வண்டியைப் பார்த்தான். மகன் காலைப் பார்த்தான். மணியைப் பார்த்தான். ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, "வண்டியில வெளையாடாதீங்கலே, சாப்பிட வாங்க" என்று உள்ளே போனான். நானும் சாப்பிடப் போனேன். அன்றைக்குப் பஸீலா மீன்குழம்பு வைத்திருந்தாள். நன்றாக இருந்தது என்றுகூட நினைவிருக்கிறது.

அதற்கு அடுத்த வாரம்தான் இசக்கித்தாய் அந்த உதட்டைப் பார்த்தாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் இரண்டு பேரும் தறிக்கூடத்துக்கு வந்து வாசலோரம் நூல் மூட்டைமேல் உட்கார்ந்திருப்பார்கள். ஆறு மணிக்கு அவளோடு வீட்டுக்குப் போவார்கள். அன்றைக்கு அவள் கடைசித் தறியில் நின்றிருந்தாள். நடுவில் பத்துப் பன்னிரண்டு தறி. மணி, தவசியின் தோளில் கை போட்டு, சிரித்த முகமாக அவன் காதுப் பக்கம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறான். பார்க்கிறவர்களுக்கு அத்தானும் மாப்பிள்ளையும் கொஞ்சிக்கொள்வது போல இருக்கும். அவள் உதட்டைப் படித்தாள். படித்ததும் அவள் பார்த்துக்கொண்டிருந்த தறியில் நூல் அறுந்தது. முடிந்தாள். மறுபடி அறுந்தது. மூன்றாவது தடவை நான் போய்க் கேட்டேன்.

கூடத்துக்கு வெளியே, கழிவு நூல் குவிந்து கிடக்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனாள். உதடு வெளுத்திருந்தது.

"அண்ணே, அவன் என்ன சொல்லுதான் தெரியுமா? 'அம்மாட்டச் சொன்னியோ, ஒனக்குச் செஞ்சதை ஒங்கம்மைக்கும் செய்வேன்'னு சொல்லுதான்."

"ஏட்டி, சின்னப் பையன், சினிமாவுல பாத்து..."

"சிரிச்சுக்கிட்டே சொல்லுதாண்ணே. கோவத்துல சொன்னாத் தெரியாதா எனக்கு? சிரிச்சுக்கிட்டே சொல்லுதான்."

"தப்பாப் படிச்சிருப்ப."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நான் எப்பமாது தப்பாப் படிச்சிருக்கேனா?"

இல்லை. ஒருநாளும் இல்லை. நான் உள்ளே போய் ஓடிக்கொண்டிருக்கிற நல்ல தறி ஒன்றைக் கழற்றிப் பூட்டினேன்.

மறுநாள் மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் புருஷனிடம் சொல்வது கேட்டது. கேட்டது என்ன, வலது காதைச் சுவரில் வைத்துத்தான் கேட்டேன். பஸீலா தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் அவளும் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உதட்டை வச்சு ஒரு பிள்ளைமேல குத்தம் சொல்லுவியா நீ?" ஆவுடையப்பன் குரல் எப்போதும் போலத் தணிவாகத்தான் இருந்தது.

"அப்பம் தவசி கையில இருக்க தடம்?"

"பயலுவன்னா அடிச்சுக்கிடத்தான் செய்வானுவ. நானும் அக்காட்ட எவ்வளவு வாங்கியிருக்கேன்."

"ஒங்க அக்கா ஒங்களைச் சிரிச்சுக்கிட்டே அடிச்சாவளா?"

பாத்திரம் நகருகிற சத்தம் மட்டும் வந்தது.

"இசக்கி, அவனுக்கு நான் உருமா கட்டியிருக்கேன். அம்பது பேரு பாத்துருக்காவ. தகப்பன் செத்து ஆறு மாசம் ஆகல, அதுக்குள்ள மாமன் விரட்டிட்டான்னு சிவகிரியில சொன்னா நான் அந்தப் பக்கம் லோடு ஏத்திக்கிட்டுப் போக முடியுமா?"

"விரட்டச் சொல்லல. கேக்கச் சொல்லுதேன். ஒரு வார்த்தை கேளுங்க."

"என்னன்னு கேக்க? 'ஒன் உதட்டை ஒங்க அத்தை படிச்சா'ன்னா?"

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. வேறு வழியில் இறங்கினாள். பிள்ளையை விட்டு நகரவில்லை. குளிக்கப் போனால் தவசியைக் கதவோரம் நிறுத்திப் பாடச் சொல்வாள். பாட்டு நின்றால் தலையில் தண்ணீரோடு எட்டிப் பார்ப்பாள். காலையில் வேலைக்கு லேட்டாக வந்து, பிள்ளையை நானே பள்ளிக்கூடத்தில் விட்டு வந்தேன் என்பாள். முதலாளி இரண்டு தடவை கடிந்துகொண்டார். தவசிக்கோ அம்மாவின் முந்தானை கையை விட்டுப் போவதில்லை. ஏழு வயதில் மறுபடியும் பாயை நனைக்க ஆரம்பித்தான். அந்தப் பாயை யாரும் கேட்காமலேயே துவைத்துக் காயப்போட்டவன் மணி. "விடுங்க அத்தை, சின்னப் பிள்ளைதானே" என்றானாம். அதைக் கேட்டபோது கழுத்துக்குப் பின்னால் யாரோ ஊதின மாதிரி இருந்தது என்று இசக்கித்தாய் சொன்னாள்.

எங்கள் வீட்டில் பஸீலா ஒருநாள் கறிவேப்பிலை உருவிக்கொண்டே சொன்னாள்: "நீங்க ஒரு பெரிய மனுஷன்னு இருக்கிய. அந்தப் பையனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"நான் யாரு? பக்கத்து வீட்டுக்காரன். சொந்தக்காரன் சங்கதிக்குள்ள நான் போலாமா?"

"அவ வீட்டுப் பலகாரம்னா மட்டும் சொந்தக்காரன் மாதிரி மொதப் பந்தியில உக்காருதிய."

ஆனாலும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தப் பையனைப் பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. எனக்கு வயது ஐம்பத்தெட்டு, அவனுக்குப் பதினாலு. இதை எங்கே போய்ச் சொல்ல?

ஆடி பிறந்து நாலாம் நாள். கோவில் திருவிழாவுக்குத் தெருவெல்லாம் டியூப்லைட் கட்டிக்கொண்டிருந்தார்கள். திருவிழாவுக்குமுன் முடித்தாக வேண்டிய உருப்படிகள் இருந்ததால் கூடத்தில் ஒன்றிரண்டு தவிர எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. நான் நடுவரிசையில் ஒரு தறிக்கு அடியில் படுத்து பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தேன். அஞ்சு மணி இருக்கும்.

இசக்கித்தாயின் மூன்றாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் தீர்ந்து வந்ததால் அதை நிறுத்தியிருந்தாள். புதுப் பாவு எடுக்கப் பின்பக்க அறைக்குப் போனாள். போன நேரம் ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட இராது. திரும்பி வரும்போது அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். நூல் மூட்டைமேல் பிள்ளைகள் இல்லை.

நின்றிருந்த அந்தத் தறியின் முன்னால் தவசி இருந்தான். வலது கையைப் பாவுக்குமேல் மலர்த்தி வைத்திருந்தான். தறி ஓடினால் அச்சு வந்து அடிக்கிற இடம் அது. ஊடை நூலோடு, இரும்பு முனை வைத்த நாடாக்கட்டை குறுக்கே பாய்கிற இடமும் அதுதான். எங்கள் ஊரில் விரல் குறைந்தவர்களைக் கேட்டால் எந்தத் தறி, எந்த வருடம் என்று சொல்வார்கள். தறியை ஓட்டிவிடுகிற பிடியில் மணி கை வைத்திருந்தான். தவசியின் பக்கம் குனிந்து பேசிக்கொண்டிருந்தான். சிரித்த முகம்.

அவளுக்கும் அவர்களுக்கும் நடுவே ஏழு தறி. ஓடினால் அவள் வருவதை அவன் பார்ப்பான். பார்த்தால் பதறிப் பிடியை இழுத்தாலும் இழுத்துவிடுவான். கத்தினால் பிள்ளைக்குக் கேட்காது. கூடத்தில் இருந்த பதினோரு பேருக்கும் கேட்காது. அவள் உதடு என்னைக் கூப்பிட்டதாம். நான் தறிக்கு அடியில் கிடக்கிறேன். வெளியே தெரிவது என் செருப்பு மட்டும்.

அவளுக்கு இடது கைப் பக்கம் சுவரில் கரண்ட் மெயின் சுவிட்ச் இருந்தது.

மெயினை முதலாளியும் நானும் தவிர யாரும் தொடக்கூடாது. ஓடுகிற தறி சட்டென்று நின்றால் அத்தனை துணியிலும் குறுக்கே ஒரு கோடு விழும். அந்தத் துணியை யாரும் முழு உருப்படியாக எடுக்க மாட்டார்கள். அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

முப்பத்தோரு வருடத்தில் நான் அப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை. கரண்ட் போகும்போதும் தறிகள் நிற்கும்தான். ஆனால் அப்போது மனுஷர்கள் சத்தம் போட ஆரம்பித்துவிடுவார்கள். அன்றைக்கு ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. தறிச்சத்தத்துக்குமேல் கேட்கட்டும் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த ஒரே ஒரு குரல் மட்டும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது.

"கையை எடுத்தியோ, இழுத்துருவேன்! ஒங்கப்பன் கேப்பான்னு நினைக்கியா? அன்னைக்கு வண்டியில நிக்க வச்சப்பம் பாத்துக்கிட்டுத்தானல போனான்! இந்த செவிட்டு பாயும் பாத்துச் சிரிச்சானா இல்லியா!"

கடைசிச் சொற்கள் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தன. எனக்கு இரண்டு காதிலும் கேட்டது.

தவசி கையை எடுக்கவில்லை. தறி செத்துப்போனது அவனுக்கு உறைக்கவில்லை. இசக்கித்தாய் ஓடிப்போய் அவனைத் தூக்கின பிறகும் அந்தக் கை மலர்ந்தபடியே விறைத்து நின்றது. பிள்ளையை என்னிடம் தள்ளிவிட்டு அவள் மணியை அடிக்கக் கையை ஓங்கினாள்.

அவன் ஓடவில்லை, தடுக்கவில்லை. கண்ணை மூடினான். நாக்கு கடிபடாதபடி பல்லைச் சேர்த்து இறுக்கிக்கொண்டான். முகத்தைக் கொஞ்சம் திருப்பிக் கன்னத்தை வாகாகக் காட்டினான். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். எல்லாம் ஒரு நொடிக்குள், தூக்கத்தில் எழுப்பினாலும் செய்துவிடுகிற மாதிரி. கூடத்தில் நின்ற எல்லோரும் பார்த்தோம். இந்தப் பையன் இந்தப் பாடத்தை எத்தனை தடவை படித்திருப்பான்?

இசக்கித்தாயின் கை அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. "சித்தீக்ண்ணே," என்றாள், "எனக்கு இப்பம்தான் ரொம்பப் பயமா இருக்கு."

முதலாளி வந்து கோபத்தில் ஆடினார், அதை விடுங்கள். கோடு விழுந்த துணிகளுக்கு என் கவனக்குறைவுதான் காரணம், பெல்ட் மாற்றும்போது நான்தான் மெயினை இழுக்கச் சொன்னேன் என்றேன். அந்த மாதத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தப் பொய்தான்.

தகவல் கேட்டு ஞாயிற்றுக்கிழமை காலை திருப்பூர் பஸ்ஸில் மாலா வந்து இறங்கினாள். இடைப்பட்ட இரண்டு நாளும் தவசி எங்கள் வீட்டில் இருந்தான். பஸீலா ஊட்டினால் சாப்பிட்டான். பேசவில்லை. ஒரு வார்த்தைகூட இல்லை. வலது கையை மடியில் மலர்த்தி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பான். "பேச்சு திரும்பலைன்னா பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்ங்க" என்று பஸீலா அடுப்படியில் நின்று அழுதாள்.

மத்தியானம் ஆவுடையப்பன் வந்து கூப்பிட்டான். "நீங்களும் வாங்கண்ணே. நீங்களும்லா பாத்திய."

உள்ளே தரையில் கோழிக்குழம்பும் சோறும் எடுத்து வைத்திருந்தது. யாரும் தொடவில்லை. மணி மூலைச் சுவரோடு நின்றான். மாலா பஸ்ஸில் வந்த சேலையைக்கூட மாற்றாமல் மகனுக்கு முன்னால் மறிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். கை விரல்களில் தையல் ஊசி பட்ட புள்ளிகள். இசக்கித்தாய் தவசியை மடியில் வைத்திருந்தாள்.

"சின்னப் பயலுவ வெளையாட்டைக் கொண்டுபோயி ஊரு சந்திக்கு இழுத்தாச்சு," என்றாள் மாலா. "தகப்பன் இருந்தா எம்பிள்ளையை இப்படி மூலையில நிறுத்துவியளா?"

"தறியில கையை வைக்கச் சொல்லுதது வெளையாட்டா மதினி?"

"ஓடாத தறிதானம்மா?"

"பிடி அவன் கையில இருந்துச்சு."

"இழுத்தானா? இழுக்கலைல்லா? நான் கூட்டிக்கிட்டுப் போறேன். கம்பெனி ரூமுல ஒம்போது பொம்பளைய இருக்கோம், அதுக்குள்ள இவனையும் சுருட்டி வச்சுக்கிடுதேன். ஒங்களுக்குச் சந்தோஷம்தான?"

"இருக்கட்டும், போகட்டும், அதைப் பொறவு பேசுவோம்," என்றாள் இசக்கித்தாய். மாலாவிடம் சொன்னாலும் பார்வை புருஷன்மேல் இருந்தது. "எம்பிள்ளை ஒரு மாசமா வாயத் தொறக்காததுக்குக் காரணம் அத்தான் மேல இருக்க பயம் மட்டும் இல்ல. சொன்னாலும் கேக்க ஆளு இல்லன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுக்கு ஒரு பதிலு சொல்லுங்க. அவனுக்குச் சொல்லுங்க."

ஆவுடையப்பன் மகனுக்கு எதிரே வந்து குத்தவைத்து உட்கார்ந்தான். தொண்டையைச் செருமினான். என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"மக்கா. அன்னைக்கு வண்டியில... அப்பா பாத்தேன். ஒங்கால் சுடுததும் தெரிஞ்சது. பாத்துட்டுப் பேசாம உள்ள போனேன்."

மாலா வாயெடுத்தாள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும்.

"இரு அக்கா. சிவகிரியில ஒன் வீட்டுக்காரரு அத்தான் மணியைப் பெல்ட்டால அடிக்கும்போதும் நான் உள்ளதான் இருந்தேன். காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தேன். நீ அடுப்படியில இருந்த. ரெண்டு பேரும் பாத்தோம். அத்தானைக் கேட்டா ஒன் வாழ்க்கை போயிரும்னு நினைச்சேன். இவனைக் கேட்டா உருமா கட்டினதுக்கு அர்த்தம் போயிரும்னு நினைச்சேன். ரெண்டு எடத்துலயும் பிள்ளைதான் நின்னுச்சு."

மாலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தவசி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. இசக்கித்தாய் குனிந்து படித்தாள். "சத்தமாக் கேளுல, அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது," என்றாள்.

"எப்பம்லாம் பாத்த?" என்றான் தவசி.

இரண்டு நாளைக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. குரல் துருப்பிடித்திருந்தது. ஆவுடையப்பனுக்கு முகம் கோணியது. ஆனாலும் சொன்னான். வண்டியில் ஒரு தடவை. பள்ளிக்கூட வாசலில் பையைச் சாக்கடைப் பக்கம் எறிந்தபோது ஒரு தடவை.

"கோவில் தெப்பக்குளத்துல?"

"அது பாக்கலய்யா."

"சோத்துல மண்ணு போட்டுத் திங்கச் சொன்னானே, அது?"

"பாக்கல மக்கா."

அப்புறம் பிள்ளை நிற்கவில்லை. பழைய வாய் வந்துவிட்டது. ஒவ்வொன்றாகச் சொன்னான். என்ன கிழமை, எந்தச் சட்டை போட்டிருந்தான், அத்தான் எதுவரை எண்ணினான். பல்லிவாலை வாயில் வைக்கச் சொன்னது. பெல்ட்டைத் தண்ணீரில் நனைத்து முதுகில் தடவிவிட்டு, அடிக்காமல் அரை மணி நேரம் பின்னால் நின்றது. பெரிய அழுகை எதுவும் இல்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். நாங்கள் கேட்டோம். வேறென்ன செய்ய? சோற்றில் ஈ உட்கார்ந்தது. இசக்கித்தாய் அதை ஓட்டவில்லை. வண்டியின் முறை வந்தபோது, "சித்தீக் மாமா சிரிச்சாங்க" என்றும் சொன்னான். நான் தலையாட்டினேன். ஆமாம், சிரித்தேன்.

ஒரு இடத்தில் நிறுத்தினான். யோசித்தான். "அவ்வளவுதான்," என்றான்.

வெளியே காற்று கதவைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தொட்டியை விட்டுட்டான்," என்றான் மணி.

இத்தனை நேரத்தில் அவன் பேசியது அதுதான். எல்லோரும் திரும்பினோம். மாலா எழுந்து அவன் வாயைப் பொத்தப் போனாள்.

"மாடியில தண்ணித் தொட்டிக்குள்ள எறக்கி மூடியைப் போட்டேன். அதை அவன் சொல்லல." சிரித்த முகம் இல்லை. எந்த முகமும் இல்லை.

மனசு இறங்கிச் சொல்கிறானா, மிச்சம் வைக்காமல் பெருமையடிக்கிறானா? எனக்குத் தெரியவில்லை. தறியென்றால் மேலே கை வைத்துப் பார்த்திருப்பேன். தவசி அம்மாவின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். அவன் அதைச் சொல்லாமல் விட்டது மறதியால் இல்லை என்பது மட்டும் எங்களுக்குப் புரிந்தது.

இசக்கித்தாய் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே மணியை வெகுநேரம் பார்த்தாள். உதட்டைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தாள். பயம் போய்விட்ட முகமாக அது இல்லை.

"இங்கன வந்து உக்காரு," என்றாள். "மதினி, வழியை விடுங்க. இனி மறிக்காதீங்க. வாலே, மணி. எம்பிள்ளையைத் தொடாத, அந்த ஓரமா உக்காரு. ஒங்க மாமா நடுவுல இருப்பாரு."

அவன் வந்து உட்கார்ந்தான். ஆவுடையப்பன் இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் நகர்ந்து உட்கார்ந்தான்.

"சொல்லு. தொட்டிக்குள்ள எவ்வளவு நேரம்?"

மணி தரையைப் பார்த்தான். கை தானாகப் பின்னால் போனது. மாமன் அந்தக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து, விடாமல் வைத்துக்கொண்டான்.

"எரநூறு எண்ணுத வரைக்கும்," என்றான் மணி. "எங்கப்பா ஐநூறு எண்ணுவாரு."